ஸ்டோர் மூலையில் உறங்கும் இயந்திரம்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று செய்த வேலை அது என்று அமைச்சர் அறிவிக்க, நாடே சிரித்தது. ஆனால் தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவருக்கு மின்தடை சிரிப்புக்குரிய விஷயமன்று. வாட்டும் தொட்டியில் கொழுந்து பரப்பியிருக்கும் வேளையில் விசிறி நின்றுபோயின், இலை தானே சூடேறிச் சிவந்து பாழாகும்.

அப்பொழுதுதான் மூலையில் கிடக்கும் மின்பிறப்பாக்கியின் நினைவு எல்லோருக்கும் வருகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது அதற்கு ஓய்வே இல்லை. மற்ற நாட்களிலோ அது மாதக்கணக்கில் உறங்குகிறது. அந்த உறக்கமே அதற்குப் பகை.

அதிலும் நமது சப்ரகமுவ ஈரம் பொல்லாதது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. பாதி வெறுமையான டீசல் தாங்கியின் உட்சுவரில் இரவின் குளிர்ச்சியால் நீர் துளிர்த்து, எண்ணெயின் அடியிற் போய்த் தங்கும்; பிறகு எரிபொருளைச் சீறும் நுண்ணிய குழல்களைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகையால் தாங்கியை நிரப்பியே வைத்திருக்க வேண்டும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட வேண்டும். மின்சுருள்களிலும் ஈரம் ஏறும். நெடுநாள் நின்ற இயந்திரமாயின், ‘மெகர்’ என்னும் கருவியால் சுருளின் காவலைச் சோதித்து, அது ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் உலர்த்திய பின்னரே ஓட்டுக. காற்றுத் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் நன்று. வேடிக்கையன்று, மூச்சடைத்த இயந்திரம் வெந்துபோகும்.

வாரந்தோறும் மசகு எண்ணெய், குளிராக்கும் நீர், பட்டியின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நன்கு மின்னேறிய 12 வோல்ட் மின்கலம் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். மாதம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் ஓட்டுவது அவசியம். சும்மா ஓட்டினால் போதாது. அதன் வலுவில் மூன்றில் ஒரு பங்கு சுமையாவது ஏற்ற வேண்டும். சுமையின்றி ஓடும் டீசல் இயந்திரம் உரியவாறு சூடேறாது. எரியாத எண்ணெய் கரியும் பிசினுமாகப் புகைக்குழாயில் அடையும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நான்கு துருவமுள்ள பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால், 1,500ஐ நான்கால் பெருக்கி 120ஆல் வகுக்க, நமக்கு வேண்டிய 50 ஹேர்ட்ஸ் கிடைக்கும். மிகைச் சுமையால் வேகம் தளர்ந்தால் மோட்டார்கள் சூடேறும். எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும், வெப்பமோ வேகமோ மிகுந்தாலும், இயந்திரத்தைத் தானே நிறுத்தும் காவலர்கள் அதனுள் உண்டு. அடிக்கடி நிறுத்தித் தொல்லை தருகிறதென்று அவற்றைக் கழற்றிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு!

இனி மனிதரின் காவல். பிறப்பாக்கியின் நடுநிலைக் கம்பியை முறையாகப் புவியோடு இணைக்காவிடில், சுவரிலுள்ள 30 மில்லியம்பியர் ‘ட்ரிப் சுவிச்சு’ ஆபத்து வேளையில் இயங்காது போகலாம். வீட்டில் சிறிய பெட்ரோல் பிறப்பாக்கி வைத்திருப்போர், அதனை லயத்து அறைக்குள்ளோ இஸ்தோப்பிலோ ஓட்டவே கூடாது. நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு வாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

எனினும் எனக்குப் பெரிதும் அச்சந்தருவது வேறொன்று. இருபுறமும் முனையுள்ள வயரொன்றைச் சுவரின் துளையிற் செருகி, வீடு முழுவதற்கும் ஒளி தந்துவிடும் ‘சுலப வழி’ அது. அந்த மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. கம்பி வழியே தெருமுனை மின்மாற்றிக்குப் போகிறது. 33,000 வோல்ட்டை நமக்காக 230 ஆகக் குறைக்கும் அதே மின்மாற்றி, எதிர்த்திசையில் வந்த 230ஐ மீண்டும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். மழையில் இறப்பர் மரம் சாய்ந்து அறுந்த கம்பியைக் கட்ட, மலைச்சரிவில் ஏறி நிற்கும் ஊழியர், மின்சாரம் நின்றுவிட்டதென்றே நம்பியிருப்பார்.

இதைத் தடுப்பது மாற்று ஆளி. ஊர்மின்சாரமும் பிறப்பாக்கியும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாதபடி, ஒன்றை அகற்றிய பின்னரே மற்றதை இணைக்கும் அமைப்பு அதனுள் இருக்கிறது. அதைப் பொருத்துவது தகுதிபெற்ற மின்வினைஞரின் வேலை. மாணவர்களே, அடுத்த முறை தோட்டத்து ஸ்டோருக்குப் போகும்போது அந்த ஆளியைக் காட்டும்படி பெரியவர்களைக் கேளுங்கள். ஊர்மின்சாரம், நிறுத்தம், பிறப்பாக்கி என மூன்று நிலைகள் அதில் குறித்திருக்கும். அப்படியொன்று அங்கே இல்லையெனின், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.