பருவம் முடியுமுன் தீர்ப்பு எழுதலாமா?

"இவன் இவ்வளவுதான்." பிள்ளைகளைக் குறித்துப் பல வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்லப்படும் சொல் இது. ஒரு தேர்வு முடிவு, கைகூடாத ஒரு வேலை, உடன்படித்தவன் முந்திச் சென்றுவிட்ட செய்தி, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், தீர்ப்பு வந்துவிடுகிறது. சொல்பவர் மறுநாள் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை அதைப் பல்லாண்டு சுமந்து திரியும். இத்தகைய தீர்ப்பை எழுதும் அளவுக்கு நம் கையில் விவரம் இருக்கிறதா? இதைச் சிந்திக்க, நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டிலிருந்து, ஓர் இரண்டாம் நிலை அணியின் ஒரு பருவத்தை எடுத்துக்கொள்வோம்.

ஐஸ் ஹாக்கி என்பது உறைந்த பனித்தளத்தில், பந்துக்குப் பதிலாக 'பக்' எனும் தட்டையான ரப்பர் வட்டை அடித்து ஆடப்படும் ஆட்டம். வட அமெரிக்காவில் அதன் உச்சப் படி நேஷனல் ஹாக்கி லீக்; அங்கே வெல்வோருக்கு ஸ்டான்லி கோப்பை. அதற்கு அடுத்த படி, 1936இல் வேர்கொண்ட அமெரிக்கன் ஹாக்கி லீக். அதன் பரிசு கால்டர் கோப்பை. கீழ்ப்படியிலுள்ள அணிகள் மேற்படியிலுள்ள அணிகளோடு இணைக்கப்பட்டவை. மேலே ஒருவர் காயமுற்றால் கீழேயிருந்து ஒருவர் அழைக்கப்படுவார். தேவை தீர்ந்ததும் திருப்பி அனுப்பப்படுவார். ஆகவே கீழ்ப்படிப் பயிற்சியாளரின் பணி விந்தையானது. அவர் வெல்லவும் வேண்டும்; வெற்றியைத் தேடித்தரும் வீரரை எந்த நாளிலும் இழக்க ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். மேற்படியில் ஆடுவோரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் இந்தக் கீழ்ப்படியைக் கடந்து சென்றவர்களே.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்றொரு கடற்படை நகரம் உண்டு. அந்நகரின் அணிக்கு அட்மிரல்ஸ் என்று பெயர். 2011-12 பருவத்தில் அது புளோரிடாவின் டாம்பா பே அணியோடு இணைந்திருந்தது. ஒவ்வோர் அணிக்கும் 76 ஆட்டங்கள். பிப்ரவரி தொடக்கத்தில், 48 ஆட்டங்கள் முடிந்த நிலையில், அட்மிரல்ஸ் 27 ஆட்டங்களில் வென்றிருந்தது. 21 ஆட்டங்களில் தோற்றிருந்தது. மோசமில்லை, ஆனால் வரலாறு படைக்கும் அணி என்று எவரும் சொல்லக்கூடிய கணக்கும் அல்ல. பருவத்தில் மூன்றில் இரு பங்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. அன்றே தீர்ப்பு எழுத ஒருவர் உட்கார்ந்திருந்தால், "சுமாரான அணி" என்று எழுதிக் கையெழுத்தும் இட்டிருப்பார்.

பிப்ரவரி 10ஆம் நாள் அந்த அணி ஓர் ஆட்டத்தை வென்றது. அதன்பின் அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட அது தோற்கவில்லை. எஞ்சியிருந்த 28 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றது. அதற்குமுன் அந்த லீக்கின் சாதனை, 2004-05இல் பிலடெல்பியா பேண்டம்ஸ் அணி பெற்ற 17 தொடர் வெற்றிகள்தாம். மொத்தம் 55 வெற்றி, 113 புள்ளிகள் என முதலிடத்தில் அட்மிரல்ஸ் பருவத்தை முடித்தது. அடுத்து வந்த பிளே ஆஃப் சுற்றுகளில் 15 வெற்றி, 3 தோல்வி. இறுதியில் கனடாவின் டொராண்டோ மார்லீஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தி, 2012 ஜூன் மாதம் கால்டர் கோப்பையைக் கைப்பற்றியது.

இந்தச் சாதனையை நிகழ்த்தியவர்கள் யார்? மேல்நிலை அணிகள் ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' என்ற முறையில் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அட்மிரல்ஸ் அணியின் கோரி கோனாகரை அந்த வரிசையில் எவரும் எடுக்கவில்லை. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பெருவுடலர்கள் மோதும் ஆட்டத்தில் அது குறைவு. போதாக்குறைக்கு முதல்வகை நீரிழிவு நோய். அவரே அந்தப் பருவத்தில் 39 கோல்கள் அடித்து, லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதையும் சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றார். டைலர் ஜான்சனும் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். அவரும் உயரம் குறைந்தவரே. ஒண்ட்ரே பலாட் 2011ஆம் ஆண்டுத் தேர்வில் 208ஆவது ஆளாக, ஏறக்குறையப் பட்டியலின் கடைசியில் எடுக்கப்பட்டவர். பயிற்சியாளர் ஜான் கூப்பர், சட்டம் படித்து, வழக்கறிஞராகப் பணியாற்றி, பள்ளி அணியொன்றிலிருந்து பயிற்சிப் பணியைத் தொடங்கிப் படிப்படியாக ஏறி வந்தவர். கூப்பரும் ஜான்சனும் பலாட்டும் பின்னாளில் டாம்பா பே அணியோடு 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது மேடைகளில் சொல்லப்படும் தன்னம்பிக்கைக் கதையாகிவிடும். ஆனால் உண்மை அதைவிட நுட்பமானது. அந்தப் பருவத்தின் ஆகச்சிறந்த வீரர் கோனாகர் அல்லவா? அவரை அடுத்த ஆண்டே டாம்பா பே அணி வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டது. மேற்படியில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்று ஆடினார். அணியின் கதையோ இன்னும் வியப்பானது. கோப்பை வென்ற கையோடு டாம்பா பே தன் இணைப்பை சிரக்யூஸ் நகருக்கு மாற்றிக்கொண்டது. 2015இல் நார்ஃபோக்கின் இடமே கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் பெயர்ந்தது. அட்மிரல்ஸ் என்ற பெயர் அந்நகரில் தொடர்ந்தாலும், அது அதனினும் ஒரு படி தாழ்ந்த லீக்கில் ஆடும் வேறோர் அணிக்குரியதாயிற்று. உலகமே வியந்த வெற்றிக்கும் ஆயுள் மூன்றாண்டுதான். எனவே "பொறுத்திருந்தால் கட்டாயம் வெல்வாய்" என்று பிள்ளைக்கு வாக்குறுதி தருவதும் பிழை. வீழ்ச்சியை வைத்து முடிவுகட்ட முடியாதது போலவே, எழுச்சியை வைத்தும் முடிவுகட்ட முடியாது.

இனி, அந்த இறுதிச் சுற்றில் தோற்ற அணியைப் பார்ப்போம். மார்லீஸ் அணியின் தோல்வியில் கசப்பும் கலந்திருந்தது. மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோலால் முடிந்தது. நார்ஃபோக் வீரர் உள்ளே தள்ளிய வட்டு தடுப்புக் கம்பத்தில் பட்டு, எவரும் எதிர்பாராத திசையில் திரும்பி வலைக்குள் புகுந்தது. அது ஆஃப்சைடு என்ற சர்ச்சை எழுந்தது, முடிவு மாறவில்லை. அந்தப் பருவத்தில் மார்லீஸ் அணிக்கு ஆடியவர்களுள் ஒருவர், நம் வாசகர்களில் சிலரேனும் பெயர் கேட்டிருக்கக்கூடிய நாஸிம் காத்ரி. கனடாவின் லண்டன் நகரில் பிறந்த, லெபனான் வழிவந்த முஸ்லிம் இளைஞர். 2009ஆம் ஆண்டுத் தேர்வில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டவர். அத்தனை எதிர்பார்ப்புக்குரியவர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் மேலுக்கும் கீழுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

2012 செப்டம்பரில், அவருடைய உடல்தகுதி போதாது என்று மார்லீஸ் அணியின் பயிற்சியாளரே செய்தியாளர்கள் முன்னிலையில் கடிந்துரைத்தார். கடுமையான சொல்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சுட்டியது ஒரு குறையை, திருத்திக்கொள்ளக்கூடிய குறையை. "இவன் இவ்வளவுதான்" என்று அவர் ஒதுக்கவில்லை, தொடர்ந்து ஆடவைத்தார். சில மாதங்களில் காத்ரி மேலணிக்குச் சென்று, சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தின் 48 ஆட்டங்களில் 44 புள்ளிகள் ஈட்டினார். குறையைச் சுட்டுவது வேறு. ஆளையே குறையாக்குவது வேறு. கண்டிப்பே கூடாது என்று நாம் சொல்லவரவில்லை. கண்டிப்புக்குப் பின்னும் பிள்ளைக்குக் களத்தில் இடம் இருக்க வேண்டும் என்கிறோம்.

பத்தாண்டுகள் கழித்து, 2022 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் காத்ரி கொலராடோ அணிக்காக நின்றார். எதிரே டாம்பா பே. அதன் பயிற்சியாளர் அதே கூப்பர். அணியில் அதே பலாட். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், எதிரணிக் கோல் காப்பாளரோடு நேர்ந்த ஒரு மோதலைக் காரணமாக வைத்து, காத்ரியின் இனத்தையும் மார்க்கத்தையும் இழித்து மிரட்டல்கள் குவிந்திருந்தன. அவர் அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல்களால் விடையளித்தார். பின்னர் கட்டைவிரல் முறிந்து அறுவைச் சிகிச்சை. குணமாகி இறுதிச் சுற்றின் நான்காம் ஆட்டத்தில் திரும்பியவர், கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார். கொலராடோ கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் முஸ்லிம் வீரரென அவர் போற்றப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் கோப்பையைத் தம் ஊரான லண்டனின் பள்ளிவாசலுக்கு அவர் கொண்டுசென்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவ்வூரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தினர் நால்வர், அவர்கள் முஸ்லிம்கள் என்பதற்காகவே வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டிருந்தனர். அத்துயரிலிருந்து மீளாத ஒரு சமூகத்தின் குழந்தைகள் அன்று அந்தக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

2012 ஜூனில் மார்லீஸ் அணி தோற்று நின்றபோது இவற்றுள் ஒன்றையும் எவராலும் அறிந்திருக்க முடியாது. நம் கருத்து இதுவே: ஒரு மனிதரின் முழுக் கணக்கும் படைத்தவனிடம் இருக்கிறது, நம் பார்வைக்கு வருவது சில ஆட்டங்களின் முடிவு மட்டும். பொறுமை என்பது வெற்றிக்கு முன்பணம் கட்டுவது அன்று. நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசாதிருப்பதும் பொறுமையே. ஸப்ர் என்று நாம் பிள்ளைகளுக்குப் போதிப்பதில் சரிபாதி, நம் நாவுக்கும் உரியது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை இடறி நிற்கும் நாளில் தீர்ப்பைத் தள்ளிவைப்போம். எந்த இடத்தில் இடறுகிறது என்று கேட்போம். திருத்தக்கூடியது எது என்று சேர்ந்து பார்ப்போம். மறுநாள் மீண்டும் முயல அவனுக்கும் அவளுக்கும் இடம் விடுவோம். முந்திச் சென்ற பிள்ளையைப் புகழும்போதும் இதே நிதானம் வேண்டும். அவனுடைய பருவமும் முடிந்துவிடவில்லை. நம் பிள்ளைகளுக்கு உழைப்பில் உறுதியையும், நமக்குச் சொல்லில் நிதானத்தையும் அல்லாஹ் அருள்வானாக!