ஊமையான உலாவி: குற்றம் யாருடையது?

2011 முதல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் ஜவ்வாது மலை வரை ஏறி வந்தன. பழசாகிப்போன அந்தப் பெட்டிகளுக்கு எடை குறைந்த லினக்ஸ்தான் தோது. போட்டால் என்ன ஆகும்? பாட்டு இயக்கி பாடும். ஃபயர்பாக்ஸில் பாடம் பார்த்தால் சத்தமே வராது! உடனே "உனக்கு லினக்ஸ் தெரியலப்பா" என்பார்கள்.

இல்லை நண்பர்களே! கெர்னலிலேயே அல்சா இருக்கிறது. 2017 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 52 அதோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்தியது. நடுவில் பல்ஸ்ஆடியோ வேண்டுமாம். பராமரிக்க ஆளில்லை என்றார்கள், சரி. பயன்படுத்துவோர் சொற்பம் என்றார்களே, அதுதான் இடிக்கிறது. எண்ணியது, உலாவி தானாக அனுப்பும் புள்ளிவிவரத்தை வைத்து. பல லினக்ஸ் வழங்கல்களில் அது அணைக்கப்பட்டிருந்தது! கதவு பூட்டிய வீட்டில் ஆளே இல்லை என்று எழுதிக்கொண்டு போன கணக்கு இது.

இத்தனைக்கும் அல்சா நிரல் அழியவில்லை. அதைச் சேர்த்துத் தொகுத்த வழங்கல்களில் சத்தம் வந்தது.

இன்று பைப்வயரையும் அதன் பல்ஸ் பகுதியையும் நிறுவினால் போதும், உலாவி பேசும். நிறுவிக்கொள்ளுங்கள். ஆனால் பழியை மட்டும் நீங்கள் சுமக்காதீர்கள்!