முதலில் நாற்காலி, பிறகு மேசை

"வெளியூர் போகும்போது மேசையையுமா தூக்கிக்கொண்டு போவது?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் நம் வயதுக்காரர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கும் வீட்டில், கார் டிக்கியில் ஒரு மடக்கு மேசை இருப்பது ஆடம்பரமே இல்லை. ஸ்டெப்னி டயர் மாதிரி அதுவும் ஒரு தேவை. ஆனால் மலிவாக இருக்கிறது, சிறியதாக மடிகிறது என்ற இரண்டை மட்டும் பார்த்து வாங்கினால் அது பரணுக்குத்தான் போகும். எதைப் பார்த்து வாங்குவது என்று என் கருத்தைச் சொல்கிறேன்.

நம் புதுச்சேரிக் குடும்பங்களில் பலவற்றில் ஜூலை, ஆகஸ்ட் வந்தால் பிரான்சிலிருந்து பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வருகிறார்கள். அங்கே கோடை விடுமுறையில் காரில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு 'காம்பிங்' போய்ப் பழகியவர்கள். இங்கே வந்ததும் வண்டியை எடு, செஞ்சிக்குப் போவோம், ஏலகிரியில் ராத்திரி தங்குவோம் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்புகிறோம். மதியம் ஒரு மரத்தடியில் ஜமக்காளத்தை விரிப்பார்கள். நமக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. துய்ப்ளே காலத்தில், 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. ஒரு முறை குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். என் அக்காவின் கணவருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "தாத்தா, நீங்க வண்டியிலேயே உக்காந்து சாப்பிட்டுடுங்க" என்று பிள்ளைகள் அன்பாகத்தான் சொன்னார்கள். அவரும் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிட்டார். ஜமக்காளத்தில் ஒரே சிரிப்பும் பேச்சும். அடுத்த மாதம் சாத்தனூர் அணைக்குக் கிளம்பினபோது, "நான் வீட்டைப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? கால் வலிக்கு மருந்து இருக்கிறது. பந்தியிலிருந்து தள்ளி உட்கார வைத்ததற்கு எந்த மருந்துக் கடையில் போய் நிற்பது?

என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிரெஞ்சு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் 'ஆ தாப்ல்!' என்பார்கள். மேசைக்கு வாருங்கள் என்று பொருள். சாப்பாடு என்ற சொல்லே அதில் இல்லை. நம் வீடுகளில் 'இலை போட்டாச்சு' என்கிறோம். அதிலும் சோறு என்ற சொல் இல்லை. இரண்டுமே, உங்களுக்கு இங்கே ஓர் இடம் போட்டிருக்கிறது என்றுதான் சொல்கின்றன. வயதானவருக்குக் கிடைக்க வேண்டியது அந்த இடம்.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். அரசு அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளைப் பார்த்தவன் நான். பெரிய கொள்முதல் என்றால் இரண்டு உறைகள் கேட்போம். ஒன்றில் பொருளின் தரமும் அளவும், மற்றதில் விலை. முதல் உறையில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டோம். மேசைக்கும் அதே முறையைத்தான் பரிந்துரைக்கிறேன். விலையைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது உயரம். அதற்கும் முன்னால் நாற்காலி. எந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம் என்று தெரியாமல் மேசை வாங்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். இருக்கைக்கும் மேசைப் பலகைக்கும் நடுவே 25 முதல் 30 சென்டிமீட்டர் இருந்தால் குனியாமல் சாப்பிடலாம். அப்படியானால் மேசை 70 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். துணியில் செய்த மடக்கு நாற்காலி என்றால் உட்கார்ந்ததும் தொய்ந்து இறங்கிவிடும். அதற்கு 70 சென்டிமீட்டர் மேசை மார்பு வரை வரும். 60 போதும். ஆகவே டேப்பை எடுத்து, உட்கார்ந்த நிலையில் இருக்கை எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

மலிவாகக் கிடைப்பதில் பல மேசைகள் 40 சென்டிமீட்டர் உயரமே இருக்கும். படத்தில் அது தெரியாது. பக்கத்தில் ஆளை நிறுத்தாமல் படம் எடுத்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்தவருக்கு அது மேடு, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது பள்ளம். டீ டம்ளர் வைக்கலாம், சாப்பிட முடியாது. கால் நீளத்தை இரண்டு மூன்று உயரங்களில் மாற்றிக்கொள்கிற மேசை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பேரப்பிள்ளைகள் சீட்டு விளையாடும்போது தாழ்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, மடித்த அளவு. 120-க்கு 60 சென்டிமீட்டர் பலகை நடுவில் மடிந்தால் 60-க்கு 60 ஆகும், சூட்கேஸ் மாதிரி. இது டிக்கியின் தரையில் படுக்குமா என்று மட்டும் பார்த்தால் போதாது. டிக்கியின் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. கேஸ் சிலிண்டர் பொருத்திய வண்டி என்றால் இடம் இன்னும் குறைவு. ஒரு பழைய அட்டைப் பெட்டியை மேசையின் மடித்த அளவுக்கு வெட்டி, மற்றப் பைகளோடு டிக்கியில் வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

மூன்றாவது, எடை. யார் தூக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு நீங்கள்தான் தூக்க வேண்டும். ஒரு கையில் ஐந்து கிலோ வரை சரி. ஏழெட்டு கிலோ ஆனால் இடுப்பு கணக்குக் கேட்கும். எடை மிகக் குறைந்தாலும் ஆபத்துதான், கடற்காற்றில் மேசை புரண்டுவிடும்.

எதில் செய்தது என்பதையும் பாருங்கள். அலுமினியப் பட்டைகளைச் சுருட்டி உறையில் போடுகிற வகை மிக இலகுவானது, துருப்பிடிக்காது, சூடான பாத்திரத்தையும் தாங்கும். ஆனால் பட்டைகளுக்கு இடையே குழம்பு ஒழுகும், மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை பார்க்க அழகாக இருக்கும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் பலகை கழுவ வசதி, உழைக்கும். எடை கொஞ்சம் கூடுதல், கொதிக்கும் பாத்திரத்தை நேராக அதன்மேல் வைக்கக் கூடாது. அதன் இரும்புக் கால்களை நம் ஊர் உப்புக்காற்று சும்மா விடாது. கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

நாலு இருக்கையும் மேசையோடு ஒட்டியே வருகிற ஒரு வகை உண்டு. இளைஞர்களுக்குச் சரி. நமக்கு வேண்டவே வேண்டாம். முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கம்பியைத் தாண்டிக் காலை உள்ளே விட வேண்டும், ஒருவர் எழுந்தால் மற்றவர் பக்கம் சாயும்.

கடையில் நேரில் பார்ப்பதானால் இரண்டு சோதனை செய்யுங்கள். நீங்களே விரித்து, நீங்களே மடியுங்கள். கடைப் பையன் செய்து காட்டுவது கணக்கில் சேராது. கொக்கி விரலைக் கடிக்கிறதா, கால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பிறகு ஒரு மூலையில் முழங்கையை ஊன்றி அழுத்துங்கள். எதிர் மூலை எழும்பினால் அந்த மேசை வேண்டாம். முப்பது கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், அது பொதுவாகப் பலகை முழுவதும் பரவிய எடைக்குத்தான் பொருந்தும், ஓரத்தில் ஊன்றும் கைக்கு அல்ல.

நம் வயதில் இது முக்கியம். நாற்காலியிலிருந்து எழும்போது முன்னால் இருப்பதைப் பிடித்து ஊன்றி எழுவது நம் பழக்கம். வீட்டுச் சாப்பாட்டு மேசை தாங்கும், மடக்கு மேசை கவிழ்ந்துவிடும். அதனால் கைப்பிடி வைத்த நாற்காலியாகப் பாருங்கள். கைப்பிடியை ஊன்றி எழுந்திருங்கள். மணலாக இருந்தால் பழைய ஜாடி மூடிகள் நாலை மேசைக் கால்களுக்கு அடியில் வையுங்கள், புதையாது.

நாலு பேருக்கு 120-க்கு 60 போதும். எதிரும் புதிருமாக இரண்டு தட்டு வைத்தால் 60 சென்டிமீட்டர் அகலம் தீர்ந்துவிடும். சாதப் பாத்திரம், குழம்புப் பாத்திரம் எல்லாம் டிக்கியிலேயே இருக்கட்டும், அங்கிருந்து பரிமாறலாம். இருவர் மட்டுமே போகிற வீட்டுக்கு இதில் பாதி அளவு போதும். இத்தனையும் தேறிய பிறகு விலை உறையைப் பிரியுங்கள். நான் பார்த்தவரை நாலு பேர் மேசை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. தேறியவற்றில் மலிவானதை வாங்குங்கள், தணிக்கையில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

"தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதுதானே நம் வழக்கம்?" என்று சிலர் கேட்பார்கள். வழக்கம்தான், முடிந்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். "வழியெல்லாம் ஓட்டல் இருக்கிறதே" என்றும் சொல்வார்கள். உப்பைக் குறைத்துச் சாப்பிட வேண்டியவருக்கும், நேரத்துக்கு மாத்திரை போட வேண்டிய சர்க்கரை நோயாளிக்கும் வீட்டுச் சாப்பாட்டின் அருமை தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மேசை வாங்கினால் பெரியவருக்கு மட்டும் தனியாக ஓர் ஓரத்தில் போட்டுவிடாதீர்கள். அது கார் சீட்டைவிட மோசம். ஜமக்காளத்தை ஒட்டியே போடுங்கள், எதிரில் இன்னும் இரண்டு பேராவது உட்காருங்கள். நம் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பொய் இனி வேண்டாம். தரையில் உட்கார முடியவில்லை, ஒரு மேசை வாங்கி வா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டால் பிள்ளைகள் வாங்கித் தருவார்கள், கேட்காமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?