பாக்தாத் மடிப்பும் தாம்பரத்துச் சமோசாவும்

மூன்றாமாண்டு இளங்கலை, வரலாற்றுத்துறை

சமோசா என்று எழுதுகிறோம். சம்சா என்று கேட்டு வாங்குகிறோம். தின்று முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மறந்துவிடுகிறோம். அந்த மறதியைப் பற்றித்தான் இங்கே நான்கு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஏறிக் கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு, மாலைச் சிற்றுண்டி என்பது நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் வெங்காயச் சமோசாதான். காலையில் அவசரமாக உண்டு வந்த பழைய சோறு மாலை வரை தாங்குமா? இரண்டு சமோசாவும் ஒரு தேநீரும் வீடு போய்ச் சேரும்வரை நம்மைத் தாங்குகின்றன.

ஒரு நாள் அப்படி நின்று தின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: “சமோசா என்றால் வடநாட்டு உருளைக்கிழங்குச் சமோசாதான். இது அதைப் பார்த்துச் செய்த மட்ட ரகம். இதைச் செய்யப் பெரிய படிப்பா வேண்டும்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் பாதியை அன்று காலை மடித்தவர் என் தாயார். அதைச் சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை. ஓராண்டு கழித்து இந்த மலரில் சொல்கிறேன்.

வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில், அந்த ‘மட்ட ரகம்’ என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சமோசா என்ற பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. அரபியர் அதைச் சன்பூசஜ் என்றார்கள். இன்று அரபு நாடுகளில் சம்பூசக் என்றும் சம்பூசா என்றும் வழங்குகிறது. 1226ஆம் ஆண்டில் பாக்தாத் நகரத்து முகம்மது பின் ஹசன் அல்-பாக்தாதி என்பவர் அரபு மொழியில் ஒரு சமையல் நூல் எழுதினார். மங்கோலியர் அந்நகரை அழித்தது 1258இல். அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முற்பட்ட நூல் இது. அதில் சன்பூசஜ் செய்யும் முறை இருக்கிறது. மெல்லிய ரொட்டித் தாளை நீளத் துண்டுகளாக நறுக்க வேண்டும். அதில் பூரணத்தை வைத்து முக்கோணமாக மடிக்க வேண்டும். ஓரத்தை மாவால் ஒட்ட வேண்டும். பிறகு எள்ளெண்ணெயில் பொரிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மெல்லிய தாள், நீளத் துண்டு, முக்கோண மடிப்பு, மாவுப் பசை! எங்கள் வீட்டுக் கூடத்தில் காலை ஐந்து மணிக்கு நடப்பது இதுதானே! உருளைக்கிழங்குச் சமோசாவோ, தடித்த வட்டமாகத் தேய்த்த மாவைப் பாதியாக வெட்டிக் கூம்பாகச் சுருட்டிச் செய்யப்படுவது. அதுவும் சுவையானதே, அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பாக்தாத் ஏடு சொல்லும் கைவேலைக்கு நெருக்கமாக நிற்பது எது என்று கேட்டால், தாம்பரத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதுதான். அது எதையோ பார்த்துச் செய்த நகலன்று.

முகமது பின் துக்ளக் காலத்தில் தில்லியில் தங்கியிருந்தவரும், 1340களில் நம் மதுரைக்கே வந்து சென்றவருமான இப்னு பதூதா, சுல்தானின் விருந்தில் கண்ட சம்பூசக்கைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கொத்திய இறைச்சியை வாதுமை, பிஸ்தா, வெங்காயம், வாசனைப் பொருள்களோடு சேர்த்துச் சமைத்து, மெல்லிய ரொட்டிக்குள் வைத்து நெய்யில் பொரித்தார்களாம். வாதுமை போயிற்று, பிஸ்தா போயிற்று, இறைச்சியும் நெய்யும் போயின. அரண்மனைப் பூரணத்திலிருந்து ஏழையின் கைக்கு எட்டியது வெங்காயம் ஒன்றே. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நம்மவர்கள் ஒரு முழுப் பலகாரத்தையே செய்துவிட்டார்கள். இது குறையா, திறமையா? நண்பர்களே சொல்லட்டும்.

‘இதைச் செய்யப் பெரிய படிப்பா வேண்டும்’ என்ற கேள்விக்கு இனி வருகிறேன். ஆம், வேண்டும். அப்பாவுக்கு வேலை போன ஆண்டில், பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவிடம் என் தாயார் அந்தப் படிப்பைப் படித்தார். நாங்கள் பெரியம்மா என்றே அழைக்கும் அவர், ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்குக் கஞ்சியோடு கொடுக்க நாள்தோறும் சமோசா மடிப்பவர்.

மைதா மாவில் உப்பும் சிறிது எண்ணெயும் விட்டுச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து அரை மணி நேரம் ஊற விடுவார்கள். எலுமிச்சை அளவு உருண்டைகளைப் பூரிபோல் தேய்த்து, ஒன்றன்மேல் எண்ணெய் தடவி, மாவு தூவி, அதன்மேல் இன்னொன்றை வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்லிதாகத் தேய்ப்பார்கள். காய்ந்த கல்லில் போட்டு, நிறம் மாறுமுன் திருப்பி எடுத்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு தாள்களாகப் பிரிக்க வேண்டும். ஆறிவிட்டால் பிரியாது, அவசரப்பட்டால் கிழியும், விரல் சுடுகிறது என்றால் இந்தத் தொழிலே நடக்காது. பிரித்த தாளை மூன்று விரல் அகலத்துக்கு நறுக்கி, காய்ந்துபோகாமல் ஈரத்துணியால் மூடி வைப்பார்கள்.

பூரணம் இன்னும் நுட்பமானது. மெல்லிதாக நறுக்கிய வெங்காயத்தில் உப்பை முன்னதாகப் போட்டால் தண்ணீர் விட்டுத் தாளை ஊற வைத்துவிடும். ஆகவே மிளகாய்த் தூளும் கொத்தமல்லித் தழையும் முதலில். உப்பு மடிக்கும் நேரத்தில். கசியும் நீரை உறிஞ்சிக்கொள்ள ஒரு பிடி அவலும் சேர்ப்பார்கள். வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய 2019 டிசம்பரில் எங்கள் வீட்டில் முட்டைக்கோஸும் கேரட்டும் அந்த இடத்தைப் பிடித்தன. சமோசா மட்டும் நிற்கவில்லை. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே சிவந்து உள்ளே தாள் வேகாது; காயாதிருந்தால் சமோசா எண்ணெயைக் குடிக்கும். இந்த நடுநிலையை எந்த வெப்பமானியும் இல்லாமல் ஒரு துண்டுத் தாளைப் போட்டுப் பார்த்தே அம்மா கண்டுகொள்கிறார். நம் வேதியியல் துறை நண்பர்கள் வந்து பார்க்கலாம்.

சிலர் இது அந்நிய உணவு என்பார்கள். அப்படியானால் நம் குழம்பில் கிடக்கும் மிளகாய் எங்கே பிறந்தது? அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. உருளைக்கிழங்கும் அக்கண்டத்துப் பயிரே. நல்லதை எங்கிருந்தும் ஏற்று நம்முடையதாக்கிக்கொண்டது நம் சமையலறை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமிருந்து என் தாயாருக்கு வந்த மடிப்பை எந்த எல்லைக் கோடு தடுத்தது?

இன்னும் சிலர் உடல்நலத்தைச் சொல்வார்கள். மைதாவும் எண்ணெயும் அளவோடு இருக்க வேண்டியவை என்பதை மறுக்கவில்லை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது தவறுதான். கெட்டுப்போன பொரித்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதென்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் அளவு வகுத்தே கட்டுப்படுத்தியிருக்கிறது. அச்சடித்த செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பதும் ஆகாது. இவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் எண்ணெயின் குற்றத்தை மடித்த கையின்மேல் ஏற்றுவது நியாயமாகாது.

என் கருத்து இதுதான். கல்வெட்டில் இருந்தால் வரலாறு, கடைப்பெட்டியில் இருந்தால் மட்டம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் படித்த நமக்கு அழகன்று. எண்ணூறு ஆண்டுக் கைவேலை ஒன்றைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து காப்பாற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பாராட்டும் இல்லை. மடிப்புக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்கும் கூலிதான்.

எனவே நம் பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி விழா நாளில் சமோசாவை வெளியில் சொல்லி வாங்கி வைக்கிறோம். அடுத்த ஆண்டு அதை நாமே செய்வோம். இத்தொழில் அறிந்த தாய்மார் நால்வரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, ஒரு நாள் ஆசிரியர்களாக அமர்த்துவோம். மாணவிகள் மடிக்க மாணவர்கள் தின்னும் ஏற்பாடு வேண்டாம். மாணவர்களும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காரட்டும். நூறு தாளைப் பிரித்து விரல் சுட்டுக்கொண்டவன், பிறகு எவர் கைவேலையையும் மட்டம் என்று சொல்லமாட்டான்.

அந்த நால்வரில் ஒருவராக என் தாயாரைக் கேட்டேன். “காலேஜுக்கா? நான் வந்து என்னடா சொல்லித் தரப் போறேன்?” என்று வெட்கப்பட்டார். பிறகு, “பசங்க நகத்தை வெட்டிக்கிட்டு வரச் சொல்லு” என்றார்.