வருகிறவர்களுக்கு வாசல் திறக்கட்டும்!



ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தால் தென்காசி, குற்றாலம், இலஞ்சி வட்டாரக் கடைகளில் வியாபாரம் உண்டு. சாரல் பொய்த்தால் சரக்கு தேங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசனை நம்பிக் கடன் கொடுப்பதும், மீதி மாதங்களில் வசூலுக்கு அலைவதும் நமக்குப் பழகிவிட்டது. ஆண்டு முழுவதும் சம்பளப் பணம் புழங்கும் ஊரில்தான் மளிகைக் கடை நிலைத்து நிற்கும். அதற்கு வெளியிலிருந்து முதலும் திறமையும் வர வேண்டும்.

வர முடியும் என்பதற்கு மத்தளம்பாறையே சாட்சி. ஸோஹோ கம்பெனி 2011இல் அங்கு அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் திரு. ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவை விட்டு அங்கேயே குடிவந்தார். மாதாமாதம் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் உள்ள ஊரில் அரிசி, பருப்பு, எண்ணெய் அருவியை எதிர்பாராமல் விற்கும்.

வெளியாரை ஏற்பதா, விரட்டுவதா என்பதன் பலனை நம் இனத்தார் நேரில் அனுபவித்திருக்கிறார்கள். பர்மா அரசு 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கியது. தமிழ் வணிகர் பலர் வெறுங்கையுடன் கப்பலேறினர். ஒரு காலத்தில் உலகுக்கே அரிசி அனுப்பிய அந்த நாட்டின் வணிகம் நசிந்தது. சிங்கப்பூரோ 1961இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் அமைத்து, வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்து வந்தது. வேலை அனுமதியில் தரம் பிரித்தது. சாதாரண வேலைக்கு வெளிநாட்டாரை வைக்கும் முதலாளியிடம் மாதாமாதம் தீர்வை வாங்குகிறது. இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறது. வாசலும் உண்டு, காவலும் உண்டு. நம் கடையநல்லூரார் அங்கு 1941லேயே தமக்கென்று சங்கம் கண்டவர்கள். அவர்களுக்கு இது தெரியாததல்ல.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2016இல் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வெளிநாட்டார் 18 மாதத்துக்குள் 10 கோடி ரூபாய், அல்லது 36 மாதத்துக்குள் 25 கோடி ரூபாய் முதலீடு செய்து, ஆண்டுதோறும் குறைந்தது 20 இந்தியருக்கு வேலை கொடுத்தால், 10 ஆண்டு வசிப்புரிமை பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 10 கோடி என்பது சென்னைக்கும் ஓசூருக்கும் பொருந்தும் அளவு. புளியங்குடி எலுமிச்சையைச் சாறு பிழிந்து அனுப்பவோ, பாவூர்சத்திரம் காய்கறியைப் பதப்படுத்தவோ அவ்வளவு முதல் தேவையில்லை. வரத்து கூடும் நாளில் விலை விழுந்து விவசாயி கண்ணீர் விடுவதைக் கமிஷன் மண்டிக்காரர் அனைவரும் அறிவர். அதைத் தடுக்க ஒரு நடுத்தரத் தொழிற்சாலையும், அதை நடத்தத் தெரிந்த நிபுணர் இருவரும் போதும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பெருந்தொழில் இல்லாத மாவட்டங்களுக்கு முதலீட்டு அளவைக் குறைக்க வேண்டும். 20 பேருக்கு வேலை என்ற நிபந்தனையைக் குறைக்கக் கூடாது. அனுமதி தேடி வருகிறவர் சென்னைக்கும் டெல்லிக்கும் அலையாமல், மாவட்டத் தொழில் மையத்திலேயே காரியம் முடிய வேண்டும். உற்பத்திக்கும் பதப்படுத்தலுக்கும் வருகிறவருக்கே இச்சலுகை கிடைக்க வேண்டும்.

"சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்த நாமா இதைக் கேட்பது?" என்று சிலர் வினவலாம். பலசரக்கு விற்கும் பெருங்கடைகளில் 51 சதவீத அந்நிய முதலீட்டை 2012இல் மத்திய அரசு அனுமதித்தபோது தமிழக அரசு ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. அந்த நிலையில் மாற்றமில்லை. நம் கல்லாவைப் பங்கு போட வருவது வேறு; நம் கடைக்கு வாடிக்கையாளரை உண்டாக்க வருவது வேறு. தொழிற்சாலை வைப்பவன் நமக்குப் போட்டியல்ல.

அரசிடம் கேட்கும் நமக்கும் கடமை உண்டு. சீசனுக்கு வருகிறவரிடம் ஒரு விலை, உள்ளூராரிடம் ஒரு விலை என்ற பேச்சுக்கு இடமளிக்கக் கூடாது. சரியான எடை, முறையான பில், மரியாதையான சொல் ஆகிய மூன்றும் எந்த விசாவையும் விட வலிமையானவை. ஒருநாள் தங்கியவனை ஏமாற்றும் ஊரில் பத்தாண்டு தங்க எவனும் முதல் போடமாட்டான்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியர் வழியாக இரு அரசுகளுக்கும் அனுப்பிவைக்குமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.