யாருடைய களஞ்சியம்?
புத்தளக் கரையோரத்தின் ஒலி, ஒளிப் பதிவுகள் குறித்துச் சில கருத்துகள்

ஒரு சமூகம் தனது நினைவுகளை எங்கே வைத்திருக்கின்றது என்ற வினா வெறும் தொழில்நுட்ப வினா அன்று. அது உடைமை பற்றிய வினா. ஏடு யாரிடம் இருந்ததோ அவரே எதைப் படியெடுப்பது, எதைச் செல்லரிக்க விடுவது என்பதைத் தீர்மானித்தார். அச்சியந்திரம் யாரிடம் இருந்ததோ அவரே எது நூலாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தார். இன்று எழுத்தும் ஒலியும் ஒளியும் எண்களாக மாறி வன்தட்டுகளில் உறைகின்றன. அந்த வன்தட்டு யாருடையது என்று கேட்காமல், பண்பாட்டைப் பேணுவோம் என மேடைதோறும் முழங்குவதால் எப்பயனும் விளையப் போவதில்லை.

இவ்வினாவைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை முன்வைத்துக் கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி (1807–1860) கற்பிட்டியிற் பிறந்தவர். 1834இல் இலங்கையின் ஊர்கள், இடங்கள் பற்றிய விபரத்திரட்டு ஒன்றையும் அவரே வெளியிட்டார். பல்கலைக்கழகமோ ஆவணக்காப்பகமோ இல்லாத காலத்தில் இக்கரையோரத்தின் மைந்தர் ஒருவர், சிதறிக் கிடந்தவற்றை ஓரிடத்திற் சேர்த்து வைத்தார். இன்று அவரது ஊரைச் சூழ்ந்த பகுதியிலேயே சிதறிக் கிடப்பவற்றைச் சேர்ப்பார் இலர்.

சிதறிக் கிடப்பவை எவை? உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் ஆடிப் பெருவிழாவும் தீமிதிப்பும் உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்கள் உண்டு. வலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கும் இடத்தில் அப்பாடலுக்கு வேலை இல்லை. உழைப்பிலிருந்து பிறந்த பாட்டு உழைப்பின் வடிவம் மாறும்போது வாயடைத்துப் போகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளத்திலும் முஸ்லிம் இல்லங்களில் அறபுத்தமிழ் ஏடுகளும் பழைய உறுதிகளும் குடும்பக் குறிப்புகளும் உண்டு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது இரண்டே மணித்தியால அவகாசம். வீட்டை விட்டு வந்தோர் புகைப்படங்களையும் பத்திரங்களையும் விட்டே வந்தனர். எஞ்சியது வாய்மொழி ஒன்றே. அவ்வாய்மொழிக்குரிய தலைமுறை முதுமையடைந்து வருகின்றது.

தெற்கே நோக்கினால் நிலைமை இன்னும் கடுமையானது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையிலான கரையோரத்தில் ஒருகாலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பாடசாலை மொழியும் வழிபாட்டு மொழியும் மாறிய இருபதாம் நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறின. மக்கள் மொழி மாறுவது குற்றமன்று. வாழ்க்கைத் தேவை அதனை நிகழ்த்துகின்றது. ஆயினும் அம்மக்கள் கடலுக்கும் காற்றுக்கும் மீனுக்கும் வலைக்கும் வழங்கிய சொற்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவின்றியே மறைந்தன. தெற்கில் நிகழ்ந்த அவ்விழப்பு வடக்கேயும் நிகழ எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதே இன்றைய கேள்வி.

“எல்லாந்தான் இணையத்தில் இருக்கின்றதே” என்ற விடை உடனே வரும். திருவிழா யூரியூப்பில் இருக்கின்றது. கல்யாணம் முகநூலில் இருக்கின்றது. பாட்டியின் குரல் வட்ஸ்அப்பில் இருக்கின்றது. படித்தவர்களிடையே பரவியுள்ள இந்த விடையே மிகப் பெரிய மயக்கமாகும். காட்சிக்கு வைத்தல் வேறு, காத்து வைத்தல் வேறு. சந்தையில் பரப்பிய பொருளைப் பத்தாயத்தில் இட்ட நெல்லாகக் கருதும் விவசாயி எவரும் இலர்.

இந்நிறுவனங்களின் வரலாறே இதற்குச் சான்று. ஜியோசிற்றிஸ் என்ற தளத்தை 2009இல் யாகூ நிறுவனம் மூடியபோது கோடிக்கணக்கான பக்கங்கள் ஒருங்கே அழிந்தன. மைஸ்பேஸ் தளத்தில் 2015க்கு முன் ஏற்றப்பட்ட இசைப்பதிவுகள் இடமாற்றத்தின்போது தொலைந்து போயின என்பது 2019இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. கூகிள் நிறுவனம் எல்லையற்ற இலவசப் படச் சேமிப்பை 2021 யூன் முதலாந் திகதியுடன் நிறுத்தி, 15 ஜிகாபைற் என்ற வரம்புக்குள் அடக்கியது. இலவசம் என்பது கடையைத் திறந்தவன் கடையை நிலைநாட்டும் வரை கொடுக்கும் சலுகையே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மேலும், வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படமும் காணொளியும் சுருக்கப்பட்டே மறுகரை சேர்கின்றன. பத்துக் கைமாறிய படம், படத்தின் நிழலேயாகும்.

இப்பகுதிக்கே உரிய பாடமும் ஒன்றுண்டு. 2019 மே 12ஆந் திகதி சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவை அடுத்து வன்செயல் மூண்டது. மறுநாள் நாடு முழுவதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2018 மார்ச்சிலும் 2022 ஏப்ரலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அத்தடைகளின் நியாய அநியாயம் வேறு விவாதத்துக்குரியது. ஆனால் கொழும்பில் பிறக்கும் ஓர் ஆணையாலோ கலிபோர்னியாவில் நிகழும் ஒரு கொள்கை மாற்றத்தாலோ ஓர் ஊரின் நினைவுக் கதவு அடைபடுமாயின், அந்நினைவு ஊருக்கு உடைமையன்று, இரவலே.

இனி மாற்று யாது? வீட்டிலோ வாசிகசாலையிலோ இயங்கும் சிறிய சேவையகமே மாற்று. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. எப்போதும் தயாராக நின்று, அதே வீட்டின் அல்லது அதே கட்டடத்தின் தொலைபேசிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணினியே சேவையகமாகும். அலுவலகங்கள் கழித்து விற்கும் பழைய மேசைக் கணினி ஒன்று, நான்கு முதல் எட்டு ஜிகாபைற் வரையான நினைவகம், ஒரே அளவுள்ள இரண்டு புதிய வன்தட்டுகள், மின்தடையைத் தாங்கும் சிறு மின்கலப் பெட்டி, வீட்டில் ஏற்கெனவே உள்ள ரௌற்றர்: இவை போதும். மென்பொருளுக்குச் செலவில்லை. டெபியன் லினக்ஸ், அதன்மேல் நிற்கும் ஓப்பன்மீடியாவோல்ற், கோப்புகளைப் பகிரும் சம்பா, பாடலையும் படத்தையும் திரைக்கு அனுப்பும் ஜெலிஃபின் ஆகியன யாவும் கட்டற்றவை. ஆகவே புதிதாக வாங்க வேண்டிய முக்கிய பொருள் வன்தட்டு ஒன்றே. வெளிவீட்டுக் கடையொன்றில் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குச் சோடனைக்கும் ஒரு விழாவில் செலவிடும் ஊர், இதற்குப் பணமில்லை எனக் கூறுவது ஏற்கத்தக்கதன்று.

கொள்ளளவையும் கணக்கிடலாம். சாதாரணத் தரமுள்ள ஒலிப்பதிவு மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைற். நான்கு ரெராபைற் வன்தட்டு ஒன்றில் அத்தகைய ஒலி 68,000 மணித்தியாலத்துக்கு மேல் அடங்கும். பக்கத்துக்கு ஒரு மெகாபைற் என வருடிய ஆவணங்களாயின் நாற்பது இலட்சம் பக்கங்கள் அடங்கும். ஓர் ஊரின் முழு வாய்மொழி மரபும் ஒரு செங்கல்லினும் சிறிய பெட்டியினுள் இருக்கும் என்பதே இதன் பொருள். மின்சாரமும் பெருஞ்செலவன்று. 40 வாற் எடுக்கும் கணினி இரவும் பகலும் இயங்கினால் மாதத்துக்கு 29 அலகு. மாலையில் நான்கு மணித்தியாலம் மட்டும் இயங்கினால் ஐந்து அலகுக்கும் குறைவு. வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கோப்பு நகர்வதால் இணையக் கட்டணமும் இல்லை. இணையம் முடங்கிய நாளிலும் இது முடங்காது.

எனினும் பொறியை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியடைவோர் ஏமாறுவர். இரண்டு வன்தட்டுகளில் ஒரே உள்ளடக்கத்தைப் பிரதிபலித்தால், ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒருங்கே அழியும். தீயும் வெள்ளமும் இரண்டையும் ஒருங்கே கொண்டு போகும். ஆதலால் மூன்றாம் பிரதி வேறு ஊரில் இருத்தல் வேண்டும். உடப்பின் பிரதி புத்தளத்திலும், புத்தளத்தின் பிரதி கற்பிட்டியிலும், கற்பிட்டியின் பிரதி உடப்பிலும் இருக்கட்டும். கடற்கரையின் உப்புக்காற்று இரும்பை அரிப்பது போலவே மின்சுற்றையும் அரிக்கும். கடலை நோக்கிய யன்னலோரம் இப்பொறிக்கு உகந்த இடமன்று. ஆண்டுக்கொரு முறை கோப்புகளைத் திறந்து பார்ப்பதும், சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய வன்தட்டுக்கு மாற்றுவதும் கட்டாயம். ஓலைச்சுவடி காலத்தில் ஏடு பழுதடையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தவர்கள் செய்ததும் இதுவே. படியெடுத்தலே பாதுகாப்பு என்ற உண்மை மாறவில்லை. ஓலை மட்டுமே மாறியுள்ளது.

“நூலகம் திட்டம் இருக்கையில் ஊருக்கொரு பெட்டி எதற்கு?” என்பது இன்னொரு மறுப்பு. 2005இல் தொடங்கிய அவ்வெண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழுலகு பெற்ற பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எல்லா ஊர்களின் எல்லாப் பணிகளையும் செய்து முடிக்கும் என எதிர்பார்ப்பது நன்றியன்று, சோம்பல். ஊரிலே திரட்டி, பெயரிட்டு, ஒழுங்கு செய்தவை இருந்தால்தான் மைய நூலகத்துக்கு வழங்கவும் ஏதேனும் இருக்கும். மேலும் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் அடங்கும். ஓரிடத்தில் ஒரே பிரதி என்பதன் விலையை இத்தமிழுலகைவிட அறிந்தவர் இலர். ஸ்ரான்பேட் பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் தொடங்கப்பட்ட ‘லொக்ஸ்’ திட்டத்தின் அடிப்படைத் தத்துவமும், பல இடங்களிற் பல பிரதிகள் இருப்பதே காப்பு என்பதுதான்.

“இது பொறியியலாளரின் வேலை, கலைப்பீடத்துக்கு என்ன தொடர்பு?” என்று ஒதுங்குவோரும் உளர். உண்மை நேர்மாறானது. பெட்டியைப் பொருத்துவது ஓரிரு நாள் வேலை. பாடியவர் யார், எவ்வூர், எந்நாள், என்ன தொழில் நடக்கையில் பாடப்பட்டது, இச்சொல்லின் பொருள் யாது, இதனை வெளியிட அவர் இசைந்தாரா என்பவற்றைக் கேட்டு எழுதுவதே பல்லாண்டு வேலை. அக்குறிப்பின்றிக் கிடக்கும் ஆயிரம் ஒலிப்பதிவுகள், பெயர் தெரியாத ஆயிரம் கல்லறைகளை ஒக்கும். மொழியியலும் வரலாறும் நாட்டாரியலும் கற்பவரன்றி இதற்குரியவர் வேறு யார்? ஆய்வுக் கட்டுரைக்காக ஊருக்குச் சென்று, முதியவரின் குரலைத் தொலைபேசியிற் பதிந்து, பட்டம் பெற்றதும் தொலைபேசியையும் குரலையும் ஒருங்கே தொலைக்கும் வழக்கம் அறிவுச் சுரண்டலன்றி வேறில்லை. பதிவின் ஒரு பிரதியை அவ்வூரிலேயே விட்டுவருவதைக் களஆய்வின் நியதியாக்குதல் வேண்டும்.

கடைசியாக ஒன்று. பூட்டிய அலுமாரிக் காப்பகங்கள் பல, திறப்பார் இன்றியே இறந்தன. வீட்டுச் சேவையகத்தின் சிறப்பு அது அன்றாடப் பொருளாக இருப்பதே. பிள்ளைகள் பாடக் காணொளி பார்க்கவும், குடும்பம் கல்யாணப் படங்களைத் தொலைக்காட்சியிற் காணவும் அதே பெட்டி பயன்படும்போது, அது பழுதானால் அன்றே தெரியவரும், அன்றே திருத்தப்படும். பாட்டனின் அம்பாப் பாடலும் பேரனின் கார்ட்டூனும் ஒரே பட்டியலில் நிற்பது இழிவன்று. பேரன் அப்பாடலைத் தற்செயலாகவேனும் தொட்டுக் கேட்க அதுவே வழி.

கற்பிட்டியில் பிறந்த ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன்னந்தனியாகச் செய்த திரட்டுப் பணியை, கையிற் கணினியும் பின்னாற் பல்கலைக்கழகமும் கொண்ட ஒரு தலைமுறை செய்ய மறுக்குமாயின், அதற்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது. தமிழ்ச் சங்கங்கள் இவ்வாண்டு நிறைவேற்றவிருக்கும் தீர்மானங்களில் ஒன்றைக் குறைத்து, இரண்டு வன்தட்டுகளை வாங்கட்டும். முதலாவது பெட்டி உடப்பிலோ கற்பிட்டியிலோ இயங்கத் தொடங்கட்டும்.