மட்டக் கருவி வாங்குவோர் கவனத்திற்கு

வாய்க்கால் வெட்டவும், வரப்பெடுக்கவும், களஞ்சியத்திற்கு அஸ்திவாரம் போடவும் லெவல் கருவி வாங்க விரும்புவோர், அதன் தூரதிருஷ்டிக் குழாய் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையே முதலில் விசாரிக்கின்றனர். இது தக்க முறையன்று என்பது எமது அபிப்பிராயம். பண்ணை வேலைக்கு 20 முதல் 24 மடங்கே போதுமானது. பார்வைக்கோடு மட்டமாக நிற்கிறதா என்பதே முக்கியம்.

1000-க்கு 1 வாட்டமுள்ள வாய்க்கால் 90 மீட்டரில் 9 சென்டிமீட்டரே இறங்கும். 30 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் பிசகும் கருவியை ஒரு முனையில் நிறுத்தி மறுமுனையைப் பார்த்தால், 3 சென்டிமீட்டர், அதாவது வாட்டத்தில் மூன்றிலொரு பங்கு, தவறிவிடும். கடைமடைக்கு நீர் சேராமற் போக இதுவே போதும்.

ஆகையால் விலை கொடுக்குமுன் சோதித்தல் அவசியம். 60 மீட்டர் இடைவெளியில் இரு முளைகளை அடித்து, சரிநடுவில் கருவியை நிறுத்தி, இரண்டின்மேலும் அளவுகோலை வைத்துப் பார்த்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்க. நடுவில் நிற்கையில் பிழை இருபுறமும் சமமாதலால் நீங்கிவிடும். பின்னர் ஒரு முளையினருகே கருவியை நிறுத்தி மறுபடியும் பார்க்க. வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால், கருவியைச் செப்பனிட்டுத் தரும்படி கேட்கவேண்டும்.

தானே மட்டங்கொள்ளும் ஆட்டோ லெவல் வேலையை விரைவாக்கும். எனினும் அதன் முக்காலியை இலேசாகத் தட்டினால், பிம்பம் அசைந்து பழைய இடத்திற்கே திரும்பவேண்டும். இன்றேல் உள்ளிருக்கும் ஊசல் பழுதென்று அறிக.

அதிக உருப்பெருக்கத்திற்குச் செலவிடும் பணத்தை ஆடாத முக்காலிக்குச் செலவிடுவதே நலம். வாங்கிய பின்னும், ஆண்டுதோறும் வாய்க்கால் வேலை தொடங்குமுன் இச்சோதனையைத் தவறாது செய்துவருக.